ஆர்டர் கிடைச்சாச்சு... பணம் எப்போ வரும்? மத்திய அரசுக்கு சரக்கு கொடுக்கும் சிறு பட்டறைகள் திண்டாடுவது ஏன்?

கீழ்பென்னாத்தூர்,

மத்திய அரசு அலுவலகங்களுக்கு சரக்கு கொடுக்க வேண்டும் என்றால் ஒரு காலத்தில் டெல்லியிலோ சென்னையிலோ ஆள் தெரிந்திருக்க வேண்டும். டெண்டர் பாரம் வாங்கவே ஒரு நாள் பஸ் ஏற வேண்டும். இப்போது அந்தக் கதை இல்லை. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தபடியே ராணுவத்துக்கும், தபால் துறைக்கும், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் விலை கொடுக்கலாம்.

இதற்கு வழி செய்தது 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்ற அரசு மின்னணு சந்தை. மத்திய அரசு துறைகள் இந்த சந்தையில் கிடைக்கும் பொருளை இங்கேதான் வாங்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் பொது நிதி விதிகள் கட்டாயப்படுத்தின. ரெயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள் தனியாக வைத்திருக்கும் டெண்டர் தளங்கள் வேறு.

எனவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆர்டர் பிடிப்பதும் முன்பை விட சுலபம்தான். சிக்கல் எல்லாம் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. சரக்கு போய் சேர்ந்து விடும். பணம்தான் வந்து சேராது.

25 சதவீதம் யாருக்கு?

குறு, சிறு நிறுவனங்களிடம் இருந்து மத்திய அரசு துறைகளும், பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டு கொள்முதலில் குறைந்தது 20 சதவீதம் வாங்க வேண்டும் என்ற உத்தரவு 2012-ம் ஆண்டு வந்தது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல் அது கட்டாயம் ஆனது. 2018-ம் ஆண்டு நவம்பரில் இந்த அளவு 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதற்குள் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு.

இது தவிர 358 பொருட்களை சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று தனிப்பட்டியல் இருக்கிறது. துடைப்பம், பக்கெட், பூட்டு, ஸ்டீல் பீரோ, ஸ்டீல் நாற்காலி, காகித உறை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஊருக்கு ஊர் வெல்டிங் பட்டறை இருக்கிற திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சலுகையும் உண்டு. பெரிய கம்பெனி ஒரு பொருளுக்கு 100 ரூபாய் என்று குறைந்த விலை கொடுத்து, சிறு தொழில்காரர் 115 ரூபாய்க்குள் கொடுத்திருந்தால், 'நீங்களும் 100 ரூபாய்க்கு தர்றீங்களா?' என்று அவரைக் கேட்க வேண்டும். சம்மதித்தால் ஆர்டரில் கால் பங்கு அவருக்கு. பிரித்துக் கொடுக்க முடியாத சரக்கு என்றால் முழு ஆர்டரையுமே அவருக்குக் கொடுக்கலாம். டெண்டர் பாரத்துக்கு பணம் இல்லை, முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம்.

இவ்வளவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரில் தொழில் செய்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த சலுகை கிடைக்காது என்பதுதான் உண்மை. காரணம், இந்த 25 சதவீதம் பொருளை தயாரிப்பவருக்கும், சேவை தருபவருக்கும் மட்டும்தான். வாங்கி விற்கும் கடைக்காரருக்கு கிடையாது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2021-ம் ஆண்டு ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளும் 'உத்யம்' பதிவு செய்து கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. சான்றிதழ் கைக்கு வந்ததும், 'இனி நமக்கும் டெண்டர் சலுகை உண்டு' என்று நினைத்து விடுகிறார்கள். அந்த அறிவிப்பில் வியாபாரிகளுக்கு சொல்லப்பட்ட ஒரே பலன், வங்கியில் முன்னுரிமைக் கடன். கொள்முதல் சலுகை அதில் இல்லை. சென்னை பாரிமுனையில் இருந்து ஸ்டேஷனரி வாங்கி வந்து விற்கும் கடைக்காரர், ஜெம் சந்தையில் தாராளமாக விற்கலாம். முன்வைப்புத் தொகை விலக்கு, கால் பங்கு சலுகை எதையும் கேட்க முடியாது.

அதே ஊரில் நாலு பேரை வைத்து காகித உறை ஒட்டும் பெண்ணுக்கு அத்தனை சலுகையும் உண்டு. அலுவலகத்துக்கு வாடகை கார் விடுபவருக்கும், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அனுப்புபவருக்கும் கூட உண்டு, அது சேவை கணக்கில் வருவதால்.

உத்யம் பதிவுக்கு கட்டணம் ஒரு பைசா கூட கிடையாது. அரசு தளம் போலவே தோற்றமுள்ள தனியார் தளங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நிறைய பேர்.

100 கோடியும் சிறு தொழில்தான்

சரி, பட்டறைக்காரர் வரிசையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் சிறு தொழில் என்பதற்கான இலக்கணம் மாற்றப்பட்டது. 10 கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்பவர் குறு தொழில். 100 கோடி வரை செய்பவர் சிறு தொழில். அதற்கு முன்பு இந்த எல்லை 5 கோடி, 50 கோடி என இருந்தது. கடன் வசதி, வளர்ச்சி என்று பார்த்தால் இந்த மாற்றத்துக்கு நியாயம் உண்டு. எல்லையைத் தாண்டினால் சலுகை போய்விடும் என்று பயந்து பலர் தொழிலை பெருக்காமலே வைத்திருந்தார்கள்.

ஆனால் 25 சதவீத ஒதுக்கீடு என்ற பந்தி அதே அளவில்தான் இருக்கிறது. அதில் உட்கார இப்போது கூடுதலாக ஆள் வந்து விட்டார்கள். வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வியாபாரம் செய்யும் கீழ்பென்னாத்தூர் பட்டறையும், 90 கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் வெளிமாநில கம்பெனியும் ஒரே பந்தியில், ஒரே விலைப் போட்டியில். குறு தொழிலுக்கு என்று தனி ஒதுக்கீடு எதுவும் கிடையாது.

90 கோடி கம்பெனி தகடை டன் கணக்கில் ஆலையில் இருந்து நேராக எடுக்கிறது. உள்ளூர் பட்டறை திருவண்ணாமலையில் சில்லறையாக வாங்குகிறது. விலையில் முந்துவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான 4 சதவீத இலக்கு ஆண்டுக்கு ஆண்டு எட்டாக்கனியாகவே இருந்து வருவதற்கும் இதுவே ஒரு காரணம். ஒதுக்கீடு இருக்கிறது, அந்த விலைக்கு அந்த அளவு சரக்கு கொடுக்கும் முதலீடு அவர்களிடம் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு பட்டறைக்காரர் 100 ஸ்டீல் பீரோவுக்கு ஆர்டர் பிடித்து விட்டார் என்று வைத்துக் கொள்வோம். பீரோ ஒன்று 12 ஆயிரம் ரூபாய். மொத்தம் 12 லட்சம். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2 லட்சத்து 16 ஆயிரம். ஆக, பில் தொகை 14 லட்சத்து 16 ஆயிரம்.

முன்வைப்புத் தொகைக்கு விலக்கு இருந்தாலும், ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கப்படும் ஒப்பந்த உத்தரவாதத் தொகைக்கு விலக்கு இல்லை. 3 சதவீதம் என்றே வைத்துக் கொண்டாலும் 42 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். வங்கி அதற்கு டெபாசிட் கேட்கும்.

தகடு, பெயிண்டு, பூட்டு எல்லாம் 8 லட்சம். அதற்கான ஜி.எஸ்.டி. 1 லட்சத்து 44 ஆயிரம். கூலி, லாரி வாடகை 3 லட்சம். மிச்சம் 1 லட்சம் ரூபாய் லாபம்.

இப்போது சரக்கு போய் இறங்கி விட்டது. பில் போட்டாகி விட்டது. அரசாங்கம் பணம் தருகிறதோ இல்லையோ, அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. பாக்கி 72 ஆயிரம் ரூபாயை பட்டறைக்காரர் தன் கையில் இருந்து கட்டியாக வேண்டும். ஆக 13 லட்சம் ரூபாய்க்கு மேல் முடங்கி நிற்கிறது. இதில் பாதியை, சுமார் 7 லட்சத்தை, வெளியில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 10 ஆயிரத்து 500 ரூபாய் வட்டி. பில் பணம் வர 6 மாதம் இழுத்தால் 63 ஆயிரம் ரூபாய் காலி.

சரக்கு கொடுக்க 4 வாரம் தாமதம் ஆகிவிட்டால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம். அதில் 28 ஆயிரம் ரூபாய் போகும். லாபம் 1 லட்சத்தில் மிஞ்சுவது 9 ஆயிரம் ரூபாய். 100 பீரோ அடித்ததற்கு கூலி கூட அது இல்லை.

வீட்டு நகையை பேங்கில் வைத்து சரக்கு போட்டவருக்கு இந்த 6 மாதம் எப்படி போகும் என்பதை அவர் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

பணம் ஏன் நிற்கிறது?

ஜெம் விதிப்படி பார்த்தால் நிற்கவே கூடாது. சரக்கு வந்ததும் 48 மணி நேரத்தில் ரசீது, 10 நாளுக்குள் 'சரிபார்த்து ஏற்றுக் கொண்டோம்' என்ற சான்று, அதன் பிறகு 10 நாளுக்குள் பணம். இதுதான் எழுதி வைத்திருப்பது.

நடப்பது என்ன? பீரோ 10 கிளை அலுவலகங்களுக்கு போகிறது. 9 இடத்தில் கையெழுத்து ஆகி விடும். ஒரு இடத்தில் அலுவலர் மாறுதலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் 'நான் வாங்கலையே' என்பார். மார்ச் மாதம் ஆர்டர் போட்டு, ஒதுக்கிய நிதி அந்த ஆண்டோடு முடிந்து போயிருக்கும். பூட்டு சரியில்லை என்று வாயால் சொல்வார்கள், எழுத்தில் தர மாட்டார்கள்.

இந்த 'எழுத்தில் தருவது' என்பதில்தான் சட்டத்தின் பிடியே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர தொழில் மேம்பாட்டு சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் குறை எதையும் எழுத்தில் சொல்லாவிட்டால் ஏற்றுக் கொண்டதாகவே அர்த்தம். வாங்கியவர் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை வைத்திருக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. கந்து வட்டிக்காரர் கூட யோசிக்கிற கணக்கு இது.

பணம் வராதவர்கள் 2017-ம் ஆண்டு தொடங்கிய 'சமாதான்' இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அது அந்தந்த மாநில வசதிக் கவுன்சிலுக்கு போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என மண்டலவாரியாக இவை உள்ளன. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்கு போக வேண்டும் என்றால், வாங்கியவர் முதலில் 75 சதவீத தொகையை கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இவ்வளவு பல் உள்ள சட்டத்தை பட்டறைக்காரர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை? பயம்தான். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போச்சு என்ற எண்ணம். குறைந்த விலைக்கு வந்தவருக்குத்தானே ஆர்டர், இதில் பழிவாங்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் அடுத்த முறை சரக்கைத் தட்டிப் பார்த்து கையெழுத்து போடப் போகிறவர் அதே அலுவலர்தான். 90 நாளில் முடிக்க வேண்டிய புகார் அதையும் தாண்டி இழுப்பது இன்னொரு காரணம்.

இதில் சட்டமும் ஒரு கை பார்த்தது. கேரள அரசு போக்குவரத்து கழகத்துக்கு டயர் ரப்பர் சப்ளை செய்த சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், ஒப்பந்தம் போட்ட பிறகு சிறு தொழில் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சட்ட சலுகை கிடையாது என்று 2021-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் வேறொரு வழக்கில் இதற்கு மாறான கருத்து வந்து, விவகாரம் 3 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கோர்ட்டு எப்படி சொன்னாலும், ஆர்டர் வாங்குவதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருப்பவருக்கு இந்த தலைவலியே இல்லை.

ஒரே வாடிக்கையாளர்

பணம் ஒழுங்காக வந்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் 'பெல்' நிறுவனத்தை நம்பி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழும்பின. அனல்மின் நிலைய ஆர்டர்கள் ஓகோ என்று இருந்தபோது இரவு பகலாக வேலை நடந்தது. வங்கிகளும் கூப்பிட்டு கடன் கொடுத்தன. 2010-க்கு பிந்தைய ஆண்டுகளில் புதிய மின் நிலைய ஆர்டர்கள் சரிந்ததும் பட்டறைகளில் வேலை இல்லை. பல பட்டறைகள் மூடப்பட்டன. கடன்கள் வாராக்கடன் ஆயின. அந்த பட்டறைகள் செய்த தவறு என்று எதுவும் இல்லை. வேறு யாருக்கும் விற்க முடியாத பொருளை ஒரே ஒருவருக்காக செய்தார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊர் பக்கம் இதற்கு ஒப்பானது அரிசி ஆலை. கீழ்பென்னாத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் வரும் பகுதி இது. தமிழ்நாட்டில் மத்திய தொகுப்புக்கான நெல்லை நுகர்பொருள் வாணிபக் கழகம் வாங்கி, தனியார் ஆலைகளில் அரைத்து வாங்குகிறது. 2002-ம் ஆண்டு முதல் இந்த பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை நடக்கிறது. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய அரசு வைத்த கணக்கு. நெல்லில் ஈரமோ பதரோ அதிகம் இருந்தால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பது ஆலைக்காரர்களுக்கு தெரியும். ஆனால் ஆலைக்கு ஒரு வசதி உண்டு. அரசு நெல் இல்லாத நாளில் வெளி நெல்லை அரைக்கலாம். ஆரணி, களம்பூர் அரிசிக்கு சென்னையில் எப்போதும் கிராக்கி. துவாக்குடி பட்டறைக்கு அந்த மாற்று வழி இல்லாமல் போனது.

தப்பிப்பவர்கள் எப்படி?

தாக்குப் பிடிக்கும் சிறு தொழில்காரர்கள் பெரிய டெண்டர் பக்கம் முதலில் போவதில்லை. ஜெம் சந்தையில் 50 ஆயிரம் ரூபாய் வரையிலான பொருளை அலுவலகங்கள் யாரிடம் வேண்டுமானாலும் நேரடியாக வாங்கலாம். 10 லட்சம் வரை 3 தயாரிப்பாளர்களின் விலையை ஒப்பிட்டு குறைந்ததை வாங்கலாம். அதற்கு மேல்தான் கட்டாய ஏலப் போட்டி. சரக்கை எந்தெந்த மாவட்டத்துக்கு கொடுக்க முடியும் என்று விற்பவரே குறிப்பிட்டுக் கொள்ளலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் என்று பக்கத்து மாவட்டங்களோடு நிறுத்திக் கொண்டால் லாரி வாடகை மிச்சம். கையெழுத்து வாங்க நேரில் போய் நிற்கவும் முடியும். அசாமுக்கு பீரோ அனுப்பி விட்டு யார் போய் நிற்பது?

இரண்டாவது, பில்லை வைத்து பணம் எடுக்கும் 'டிரெட்ஸ்' வழி. 2017-ம் ஆண்டு முதல் இதற்கான ஆன்லைன் தளங்கள் இயங்குகின்றன. பொதுத்துறை நிறுவனம் பில்லை ஏற்றுக் கொண்டதாக அதில் ஒப்புதல் கொடுத்தால், வங்கிகள் போட்டி போட்டு கழிவு விகிதம் சொல்லி சில நாளில் பணம் தரும். நிறுவனம் பின்னால் பணம் கட்டாவிட்டாலும் வங்கி பட்டறைக்காரரிடம் திரும்பி வர முடியாது. வெளி வட்டியோடு ஒப்பிட்டால் இது பாதி கூட வராது. ஆனால் வாங்குபவர் ஒப்புதல் கொடுத்தால்தான் இது நடக்கும் என்பதால், சாவி இங்கேயும் அவர் கையில்தான்.

2024-25 வருமான வரி கணக்கீட்டு ஆண்டு முதல் இன்னொரு கிடுக்கிப்பிடி வந்தது. குறு, சிறு தொழில்களுக்கு கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்த செலவை அந்த ஆண்டு கணக்கில் கழிக்க முடியாது. இது கம்பெனிகளை உசுப்பியது உண்மை. 2021-ம் ஆண்டு அக்டோபரில் கம்பெனிகளாக மாற்றப்பட்ட ஆவடி ராணுவ தொழிற்சாலைகள் போன்றவையும் இப்போது கம்பெனி கணக்கில் வருகின்றன. ஆனால் வருமான வரியே கட்டாத அரசு துறைகளை இது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. சலுகை பெறும் பட்டியலில் வியாபாரிகள் இல்லாததால் கடைக்காரருக்கும் பிரயோஜனம் இல்லை.

கொரோனா காலத்தில் சரக்கு கொடுக்க முடியாமல் உத்தரவாதத் தொகையை இழந்த சிறு தொழில்களுக்கு, 2023-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. பிடித்தம் செய்ததில் 95 சதவீதம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் ஆர்டர் காகிதம், சரக்கு அனுப்பிய ரசீது, பிடித்தம் செய்த கடிதம் என எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தவர்களால்தான் அதைக் கேட்டு வாங்க முடிந்தது.

இப்போதும் திருவண்ணாமலை மாவட்ட தொழில் மையத்துக்கு பட்டறைக்காரர்கள் போவது மானியக் கடன் கேட்டுத்தான். பாக்கிப் பணத்துக்கு புகார் எழுதுவது எப்படி என்று கேட்டும் அங்கே போகலாம். அந்த மனுவுக்கு தேவை ஆர்டர் நகல், பில், சரக்கு ஒப்படைத்த ரசீது, ஆர்டருக்கு முந்தைய தேதி போட்ட உத்யம் சான்றிதழ்.